எத்தனை டன் தள்ளும்?

எங்கள் விறகுத்தொட்டிக்கு வருகிறவர்கள் கட்டை பிளக்கிற மெஷினைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "எத்தனை டன் தள்ளும்ணா?" பிரியாணி மாஸ்டர் கேட்பார், கல்யாண சமையல்காரர் கேட்பார், லோடு இறக்க வந்த டிரைவரும் கேட்பார். பதிலைச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அத்தனை டன்னையும் தாங்கிப் பிடித்துக்கொள்வது எது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. அந்த இரண்டாவது கேள்விக்கு விடை தேடுவதிலேயே எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் போனது. தன் பட்டறையிலோ தோட்டத்திலோ இப்படி ஒன்றைக் கட்ட நினைக்கிறவருக்கு அந்த ஒரு வருடம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொட்டி இருப்பது வியாசர்பாடியில். விறகை எடைபோட்டு விற்கிற இடத்தை இந்தப் பக்கம் தொட்டி என்றுதான் சொல்வோம். பக்கிங்ஹாம் கால்வாயில் படகு ஓடிய காலத்தில் ஆந்திரக் கரையிலிருந்து சவுக்குக் கட்டை படகிலேயே வந்து பேசின் பிரிட்ஜ் பக்கம் இறங்கும். உப்பும் அதே வழியில்தான் வந்தது. சால்ட் கோட்டர்ஸ் என்ற ரயில் சரக்கு நிலையத்தின் பெயர் அதன் மிச்சம். தாத்தா அந்தப் படகுகளிலிருந்து விறகு சுமந்தவர். கால்வாய் சாக்கடையான பிறகு விறகு லாரியில் வர ஆரம்பித்தது. தாத்தாவுக்குப் பின் தொட்டியைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார். நான் அம்பத்தூரில் ஒரு பிரஸ் ஷாப்பில் ஹைட்ராலிக் பராமரிப்பு ஃபிட்டராகப் போய்விட்டேன்.

சித்தப்பா கட்டை பிளப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். கட்டையை நிறுத்தியதும் ஓங்க மாட்டார். முதலில் வெட்டுமுகத்தைப் பார்ப்பார். காய்ந்த கட்டையில் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லிய வெடிப்பு ஓடியிருக்கும். அந்தக் கோட்டுக்கு நேராகக் கோடாலி விழுகிற மாதிரி கட்டையைக் காலால் திருப்பிக்கொள்வார். கணு இருக்கிற பக்கத்தை ஒதுக்கிவிடுவார். சவுக்கு என்றால் ஒரே போடு, இரண்டாகப் போய் விழும். வைரம் பாய்ந்த புளியங்கட்டைக்கு மட்டும் இரும்பு ஆப்பை இறக்கிச் சம்மட்டியால் அடிப்பார். இப்படி நாற்பது வருடம்.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்தது. சென்னை முழுக்க மரங்கள் வேரோடு சாய்ந்தன. அடுத்த சில வாரங்களில் தொட்டிக்கு வந்து இறங்கிய மரத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. தூங்குமூஞ்சி, வேம்பு, குல்மோகர் என்று எல்லாம் பச்சை மரம், எல்லாம் முரட்டுக் கட்டை. தூங்குமூஞ்சியின் நார் நேராக ஓடாது. ஒரு அடுக்கு இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்த அடுக்கு வலப்பக்கம் சாய்ந்திருக்கும், பின்னல் மாதிரி. கோடாலி உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும், பிளக்காது. வேம்பும் கிட்டத்தட்ட அப்படியே. சித்தப்பாவுக்கு அப்போது 61 வயது. மூன்று மாதம் அந்தக் கட்டைகளோடு மல்லுக்கட்டினார். அப்புறம் ஒருநாள் காலையில் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. தோளின் தசைநார் கிழிந்திருக்கிறது, இனிமேல் கோடாலியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பிளக்காத மரத்தை விற்கவும் முடியாது. உருண்டைக் கட்டைக்குள் இருக்கிற ஈரம் வெட்டுமுகம் வழியாகத்தான் முக்கியமாக வெளியேறும், பட்டை வழியாக எளிதில் போகாது. பிளந்துவிட்டால் உள்மரம் காற்றுக்குத் திறந்துகொள்ளும், காய்கிற வேகமே மாறிவிடும். சவுக்கு பச்சையாக இருந்தாலும் ஓரளவு எரியும். மற்ற மரம் ஈரத்தோடு அடுப்பில் போனால் புகைதான். தம் போடுகிற நேரத்தில் புகை வந்தால் மாஸ்டர் அடுத்த வாரமே வேறு தொட்டிக்குப் போய்விடுவார்.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பழைய லாரி ஜாக்கி ஒன்று, பத்து டன். நான்கு கால் வைத்த சட்டம் ஒன்றை வெல்டு செய்து, மேலே ஆப்பு, கீழே ஜாக்கி, நடுவில் கட்டை. ஜாக்கியை நிமிர்த்தியே வைக்க வேண்டும். படுக்க வைப்பதானால் பம்ப் இருக்கிற பக்கம் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய்க்குப் பதில் காற்றை இழுக்கும். கட்டை பிளந்தது, உண்மை. சித்தப்பா இடது கையால் கைப்பிடியை அடித்துப் பார்த்தார்.

"இன்னாபா இது, ஒரு கட்டைக்கு நாப்பது வாட்டி அடிக்கணுமா? கோடாலியே தேவலயே."

சொன்னது நியாயம். ஒரு நாளைக்கு ஒரு டன் விறகு பிளக்க வேண்டிய இடத்துக்கு ஜாக்கி ஆகாது.

திருவள்ளூர் பக்கம் திருகுக் கூம்பு வைத்த மெஷினையும் போய்ப் பார்த்தேன். வேகமாகச் சுற்றுகிற கூர்மையான கூம்பு, அதில் திருகுப்பல் வெட்டியிருக்கும். கட்டையைக் கொடுத்தால் தானே இழுத்துக்கொண்டு போய்ப் பிளக்கும். வேகம் அபாரம். ஆனால் அது கட்டையை இழுக்கிற மாதிரியே துண்டையும் லுங்கியையும் கையுறையையும் இழுக்கும், இழுத்ததை விடாது. எங்கள் தொட்டியில் துண்டு இல்லாத தோள் கிடையாது. வேண்டாம் என்று திரும்பிவிட்டேன்.

மிச்சம் இருந்தது நான் வேலையில் தினமும் தொட்டுப் பழகிய விஷயம்: மோட்டார், பம்ப், வால்வு, சிலிண்டர். மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தை ஓர் இடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் போய்ச் சேரும் என்பது பாஸ்கல் கண்ட விதி. அதை வைத்து ஜோசப் பிரமா 1795-இல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். அன்றிலிருந்து அடிப்படை மாறவே இல்லை. அழுத்தத்தைப் பிஸ்டனின் பரப்பால் பெருக்கினால் விசை வந்துவிடும்.

சிலிண்டர் புளியந்தோப்பில் ஒரு காயலான் கடையில் கிடைத்தது. எந்த மெஷினிலிருந்து கழற்றியது என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை. உள்விட்டம் 80 மில்லிமீட்டர், பிஸ்டன் ராடு 40, ஓட்டம் 45 சென்டிமீட்டர். பிரியாணி அடுப்புக்கு ஒன்றரை அடித் துண்டுதான் கேட்பார்கள், அதனால் அளவு அப்படியே பொருந்தியது. வாங்குவதற்கு முன் ராடை முழுக்க வெளியே இழுத்து நகத்தால் தடவிப் பார்த்தேன். குரோம் உரிந்திருந்தால் புது சீல் போட்டாலும் அது ஒரு மாதத்தில் கிழிந்துவிடும். ராடு நன்றாக இருந்தது. தெருமுனை லேத் பட்டறையில் பிரித்து, குழாயின் உட்புறத்தைத் தேய்த்து வழவழப்பாக்கி (ஹோனிங்), சீல் எல்லாவற்றையும் மாற்றினோம். வால்வு, கேஜ், ஹோஸ், ஃபிட்டிங் எல்லாம் செம்புதாஸ் தெருவிலும் லிங்கி செட்டி தெருவிலும் இரண்டு சனிக்கிழமை அலைந்து வாங்கினேன்.

கணக்கு இப்படி. 80 மில்லி பிஸ்டனின் பரப்பு ஏறக்குறைய 50 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் மீறினால் எண்ணெயைத் திருப்பிவிடுகிற ரிலீஃப் வால்வைச் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோவில் வைத்தால் 50 பெருக்கல் 150, ஏழாயிரத்து ஐந்நூறு கிலோ. பம்ப் ஒரு சுற்றுக்கு 8 சிசி தள்ளுகிற கியர் பம்ப். 1440 சுற்று மோட்டாரில் நிமிடத்துக்குப் பதினொன்றரை லிட்டர் வரும். அந்த அழுத்தத்தில் அவ்வளவு எண்ணெயைத் தள்ள 5 எச்.பி. மோட்டார் தேவை. வட்ட ரம்பத்துக்காகத் தொட்டியில் ஏற்கெனவே த்ரீ ஃபேஸ் இருந்தது. முழு ஓட்டம் போக 12 விநாடி, திரும்பி வர 9 விநாடி. சிலிண்டரைப் பெரிதாக்கினால் டன் கூடும், ஆனால் அதே பம்புக்கு ஓட்டம் மெதுவாகும். நூறு மில்லி சிலிண்டர் போட்டிருந்தால் கிட்டத்தட்ட 12 டன் கிடைத்திருக்கும், ஒவ்வொரு கட்டைக்கும் காத்திருக்கிற நேரமும் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகியிருக்கும்.

"எத்தனை டன்" என்று கேட்கிறவருக்குச் சித்தப்பா ஒருபோதும் "ஏழரை" என்று சொல்ல மாட்டார். அந்த எண்ணை வாயில் எடுத்தால் சனி வந்து உட்கார்ந்துவிடுமாம். "எட்டுக்குக் கொஞ்சம் கம்மி" என்பார்.

சட்டத்துக்கு நான் எடுத்தது நாலு இஞ்ச் சானல், 'ப' வடிவ இரும்பு. லாரிகூட நிற்கும் என்று கடையில் சொன்னார்கள். அதன் ஒரு முனையில் சிலிண்டரின் பின்பக்கம், மறுமுனையில் நிலையான ஆப்பு, நடுவில் கட்டை. முதல் நாள் சவுக்கு பிளந்தோம், அருமையாக இருந்தது. இரண்டாம் நாள் ஒரு புளியங்கட்டை, நடுவில் கவை விழுந்தது. லீவரைத் தள்ளினேன். கேஜ் முள் ஏறி 150-ஐத் தொட்டது, ரிலீஃப் வால்வு சீறியது. கட்டை அசையவில்லை. சானல்தான் அசைந்தது. இரண்டு முனையும் விரிந்து நடுப்பகுதி மேலே வளைந்தது, கூடவே ஒரு பக்கமாக முறுக்கியும் கொண்டது. லீவரை விட்டேன். வளைந்தது வளைந்ததுதான், நிமிரவில்லை.

அன்று இரவு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. ஏழாயிரத்து ஐந்நூறு கிலோ கட்டையின் மேல் முன்னோக்கிப் போகிறது என்றால், அதே ஏழாயிரத்து ஐந்நூறு சிலிண்டரின் முதுகைப் பின்னோக்கித் தள்ளுகிறது. தரை இதில் எதையும் தாங்குவதில்லை. மெஷினைச் சக்கரத்தில் வைத்தாலும் அது நகராது, இரண்டு விசையும் சட்டத்துக்குள்ளேயே மோதிக்கொள்கின்றன. அதுவும் சட்டத்தின் நடு அச்சில் இல்லை, அதற்கு மேலே, கட்டை இருக்கிற உயரத்தில். ஆக அந்த இரும்பு ஒரு வில், சிலிண்டர் ஒவ்வொரு முறையும் அதை வளைக்கப் பார்க்கிறது. லாரி மேலே நின்றால் தாங்குமா என்பது வேறு கேள்வி. சானலுக்கு ஒரு பக்கம் மட்டும் இதழ் இருப்பதால் வளையும்போது முறுக்கவும் செய்யும். நாலு இஞ்ச் சானல் தாங்கக்கூடிய வளைப்பைப்போல ஆறு இஞ்ச் ஐ பீம் (I எழுத்து வடிவ இரும்பு) இரண்டரை மடங்குக்கு மேல் தாங்கும். எடையோ ஏறக்குறைய ஒன்றரை மடங்குதான் ஆகிறது. உயரம் கொடுக்கிற பலம் அது. ஒரு ஸ்கேலைப் படுக்க வைத்து வளைத்துப் பாருங்கள், பிறகு நிமிர்த்தி வைத்து வளைத்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

அதனால்தான் சொல்கிறேன், இதைக் கட்டுகிறவர் சிலிண்டரை வாங்கிவிட்டுப் பீமைத் தேடக்கூடாது. பெரிய சிலிண்டர் மலிவாகக் கிடைக்கிறது என்று காயலான் கடையில் ஆசைப்படக்கூடாது. சட்டம் எவ்வளவு தாங்கும் என்று முதலில் கணக்குப் போட்டு, அதற்குப் பாதுகாப்பாகக் கீழே ரிலீஃப் வால்வை நிறுத்த வேண்டும். கட்டை நிற்கிற உயரம் ஒவ்வொரு இஞ்ச் கூடும்போதும் வளைப்பும் கூடுகிறது. அதனால் சிலிண்டரைப் பீமுக்கு எவ்வளவு பக்கத்தில் படுக்க வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது.

ஐந்தரை அடி நீளத்தில் ஐ.எஸ்.எம்.பி. 150 பீம், அதாவது அந்த ஆறு இஞ்ச் ஐ பீம் வாங்கினேன். ஆறு வருடத்துக்கு மேல் ஆகிறது. நூல் கட்டிப் பார்த்தால் இன்னும் நேராக இருக்கிறது.

ஆப்பைப் பற்றி நிறையச் சொல்லலாம். ஆப்பு ரொம்ப மெல்லியதாக இருந்தால் உள்ளே போய்ச் சிக்கும், ரொம்பத் தடியாக இருந்தால் மரத்தைப் பிளக்காமல் நசுக்கும். இருபது மில்லி தகட்டின் முனையைக் கூராக்கி, பின்னால் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி தகடு வைத்துப் படிப்படியாக அகலமாக்கினேன். முனைக்கு லாரி ஸ்பிரிங் பட்டை. அந்த இரும்பைச் சாதாரண வெல்டிங் ராடில் நேரடியாக வெல்டு வைத்தால் ஆறும்போது ஓரத்தில் விரிசல் விடும். தண்ணீர் தெளித்தால் துள்ளி ஓடுகிற அளவுக்கு முதலில் சூடேற்றி, உலர்த்திய லோ ஹைட்ரஜன் ராடில் வெல்டு செய்து, உடனே சாம்பலில் புதைத்துவிட்டேன். சாம்பலுக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை. மறுநாள் காலை எடுத்தபோதும் உள்ளே வெதுவெதுப்பு இருந்தது. தள்ளுதகடு முழு ஓட்டம் போனாலும் ஆப்பைத் தொடாமல் ஒரு இஞ்ச் இடைவெளி விட்டிருக்கிறேன். பிரியாமல் நார் பிடித்துக்கொண்டிருக்கிற கட்டையை அடுத்த கட்டை தள்ளிக்கொண்டு போய்விடும்.

மெஷினைக் கட்டியது சித்தப்பாவுக்காக. அதனால் உயரம் அவர் இடுப்புக்குச் சரியாக. இரண்டு பக்கமும் தகடு வைத்தேன், பிளந்த பாதி காலில் விழக்கூடாது. வால்வை இடது கைப் பக்கம் வைத்தேன். முன்னோக்கிப் போகும்போது லீவரைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், கை எடுத்தால் ஸ்பிரிங் அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும், பிஸ்டன் அங்கேயே நிற்கும். திரும்பி வரும்போது மட்டும் லீவர் தானே நின்றுகொள்ளும், ஓட்டம் முடிந்ததும் விடுபடும். யாராவது முன்பக்க ஓட்டத்துக்கும் லீவரைக் கயிறு போட்டுக் கட்டினால் வேலை வேகமாகும் என்று சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். மெஷினில் ஒரே ஆள்தான் நிற்க வேண்டும். கட்டையை வைக்கிற கையும் லீவரைப் பிடிக்கிற கையும் ஒரே ஆளுடையதாக இருந்தால்தான் நடுவில் இன்னொரு விரல் இருக்காது.

இன்னொன்று, இதை நான் தொட்டியில் வேலை செய்கிற எல்லாப் பசங்களிடமும் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடாகச் சீறும். விரலால் தடவித் தேடினால் அது தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே எறும்பு கடித்த மாதிரிதான் தெரியும், வலிகூட அதிகம் இருக்காது. உள்ளே தசை செத்துக்கொண்டிருக்கும். அன்றைக்கே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். கசிவு தேட அட்டையைப் பயன்படுத்துங்கள், கையை ஒருபோதும் வேண்டாம். ஹோஸ் இரட்டைக் கம்பிப் பின்னல் உள்ளதாக இருக்கட்டும். தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற ஜி.ஐ. ஃபிட்டிங்கை இந்த அழுத்தத்தில் மாட்டவே கூடாது.

பழுது என்று சொன்னால் இரண்டு. ஒருமுறை தெருவில் மின்கம்பி வேலை முடிந்து கரண்ட் வந்தபோது ஃபேஸ் மாறிவிட்டது, மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றியது. கியர் பம்ப் ஒரே திசைக்குத்தான். தப்பாகச் சுற்றியதும் அழுத்தம் ஷாஃப்ட் சீல் பக்கம் போய் அதைப் பிதுக்கி வெளியே தள்ளிவிட்டது. இப்போது ஃபேஸ் வரிசை மாறினால் ஸ்டார்ட்டர் எடுக்காதபடி ரிலே ஒன்று மாட்டியிருக்கிறேன். கப்ளிங் மேல் அம்புக்குறியும் வரைந்திருக்கிறேன்.

இரண்டாவது, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். கேப்டன் காட்டன் கால்வாய் நிரம்பி, தொட்டிக்குள் இடுப்பளவு தண்ணீர். விறகு மிதந்தது. மூன்று நாள் கழித்து மெஷினைப் பார்த்தால் எண்ணெய்த் தொட்டியின் காற்றுமூடி வழியாகச் சாக்கடைத் தண்ணீர் உள்ளே போய், 68-ஆம் நம்பர் ஹைட்ராலிக் எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருந்தது. அதோடு ஓட்டியிருந்தால் பம்ப் போயிருக்கும். நாற்பது லிட்டரையும் வடித்து, டேங்கைத் துடைத்து, கொஞ்சம் புது எண்ணெய் விட்டு ஓட்டி, அதையும் வடித்து, மறுபடி நிரப்பினேன். மோட்டாரை ரீவைண்டிங் கொடுத்தோம். இப்போது மோட்டாரும் டேங்கும் நாலு அடி உயர மேடையில் இருக்கின்றன. பம்புக்கு எண்ணெய் மேலிருந்து இறங்குவதால் உறிஞ்சும் சத்தமும் இல்லாமல் போனது. அது நான் எதிர்பார்க்காத நல்லது.

இத்தனை வருடத்தில் கேஜைப் பார்த்துப் பார்த்து ஒன்று தெரிந்துகொண்டேன். சவுக்குக்கு முள் ஐம்பதைத் தாண்டுவதே அபூர்வம். அதாவது இரண்டரை டன். வேம்பு எண்பது, தொண்ணூறு. 150 வரை போவது கவைப் புளியும் அடிக்கட்டைத் தூங்குமூஞ்சியும்தான். அதிலும் ஆப்பு எந்தக் கோட்டில் நுழைகிறது என்பதைப் பொறுத்து ஒரே கட்டைக்கு அறுபதும் ஆகும், 140-உம் ஆகும். நான் வைத்தால் பெரும்பாலும் 140. சித்தப்பா வெட்டுமுகத்தைப் பார்த்து, கட்டையை ஒரு கால் சுற்று உருட்டி வைப்பார். அறுபதில் திறந்துகொள்ளும். கோடாலிக்குப் பார்த்த அதே வெடிப்பு, அதே கணு. கவைக் கட்டையைக் கவட்டுப் பக்கம் கொடுக்காமல் அடிப்பக்கம் கொடு என்று அவர் சொன்ன பிறகு ரிலீஃப் வால்வு சீறுவது பாதியாகக் குறைந்தது. வெறும் எண்ணெய்ச் சூடு அளவில் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். மத்தியானத்துக்கு மேல் டேங்கில் கை வைக்க முடியாமல் இருந்தது, இப்போது வைக்கலாம்.

போன வாரம் செங்குன்றம் பக்கமிருந்து ஒரு பையன் வந்தான். அப்பாவின் தோப்பில் மாமரம் நிறைய விழுந்திருக்கிறதாம், இதே மாதிரி ஒன்று செய்யப் போகிறானாம். மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து போனில் படம் எடுத்தான். நான் எடைப்பாலத்தில் இருந்தேன். சித்தப்பா இடது கையில் லீவரைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"எத்தனை டன் தாத்தா?"

"எட்டுக்குக் கொஞ்சம் கம்மி." கட்டை பிளந்து இரண்டு பக்கத் தகட்டிலும் விழுகிற வரை அவர் திரும்பவில்லை. அப்புறம் லீவரை விட்டுவிட்டு, கீழே பீமைக் காலால் தட்டிக் காட்டினார். "அத்த வுடுபா. இது எத்தினி இஞ்சின்னு கேளு."